பாடுதல் என்னும் வினைச்சொல்: பொருளும் ஆட்சியும்

தமிழில் வாயினாற் செய்யப்படும் ஒலித்தொழில்களைக் குறிக்கும் வினைச்சொற்கள் பலவுள. கூறல், மொழிதல், இயம்பல், உரைத்தல், ஓதல், அரற்றல், புலம்பல், மிழற்றல், முரலல், அகவல், ஆலல், ஏத்தல், பரவல் என அவை விரியும். இவற்றுள் நம் திருமுறைகளிற் பெருவழக்கிற்றாய் நின்று, பிற சொற்களெல்லாவற்றையுந் தன்பால் ஈர்த்துக்கொள்வது ‘பாடுதல்’ என்பதேயாம். பதிகங்களைப் ‘பாடல்’ என்றும், அவை எழுந்த ஊர்களைப் ‘பாடல்பெற்ற தலம்’ என்றும் வழங்குகின்றோம். ஆயின் அச்சொல்லின் பொருள் யாதென்று வினவின், ‘இசையோடு சொல்லுதல்’ என்ற அளவில் நிகண்டுகளும் அகராதிகளும் அமைந்துவிடுகின்றன. மகிழ்ச்சியோடு இசைத்தலே பாடுதல் எனச் சிலர் விரித்துரைப்பர். அங்ஙனமாயின் அழுது பாடிய பதிகங்களும், நோயாற் றுடித்துப் பாடிய பதிகங்களும், இறைவனை வெகுண்டு பாடிய பதிகங்களும் பாடலாதல் எவ்வாறு? இவ்வினாவை விடுத்துச் சொல்லின் வரலாற்றை ஒருவாறு ஆராய்வதே ஈண்டு எம் கருத்து.

முதற்கண் சொல்லின் உறவு நோக்குவாம். பாடு என்னும் பகுதி தமிழுக்கே உரியதன்று. மலையாளத்திற் பாடுக என்றும், தெலுங்கிற் பாடு என்றும், பழங்கன்னடத்திற் பாடு என்றும் அஃது உண்டு. பால் என்பது ஹாலு ஆயினாற்போலப் பழங்கன்னடப் பாடு இற்றைக் கன்னடத்தில் ஹாடு என நின்றது. ஆகலின் இது திராவிட மொழிகளுக்குப் பொதுவாகிய பழஞ்சொல் என்பது தெளிவு. பாண், பாணர், பாடினி என்னுஞ் சொற்களும் இதனோடு இனமாவன. வடமொழியில் ‘பட்’ என்னும் பகுதியினின்று வந்த ‘பாடம்’ என்னுஞ் சொல்லை இதனோடு இயைத்துக் காட்டுவாருமுளர். அப்பகுதி ஓதற்பொருட்டு, இசைத்தற்கு வடமொழியிலே வேறு பகுதியுண்டு, அதனின்றே கீதம், கானம் என்பன பிறந்தன. ஒலி ஒன்றியதுபற்றிப் பிறப்பு ஒன்றெனல் பொருந்தாது.

இனிப் ‘படு’ என்னும் முதனிலை திரிந்து ‘பாடு’ எனத் தொழிற்பெயராதலும் உண்டு. கெடு கேடு ஆயினாற்போல. அப்பாடு துன்பம், பெருமை, பக்கம் எனப் பல பொருள்படும். பழைய செய்யுட்களிற் கடலினது ஒலியும் முழவினது ஒலியும் பாடு எனப்படுதலைக் காணலாம். பாடுதல் என்னும் வினையும் இவ்வொலிப்பொருட் பெயரும் ஒருவழி நெருங்கி நிற்றல் ஆராயத்தக்கது. ஆனால் ‘பாடுபட்டவனே பாடுவான்’ என மேடைகளிற் கூறுவது சொன்னயமேயன்றிச் சொல்லிலக்கணமன்று. கேட்டு மகிழ்ந்துவிட்டுப் போதலே முறை.

அகவல், ஆலல் என்பவற்றையும் ஒரு சிறிது காண்போம். இவையிரண்டும் மயிலுக்கு உரியனவாகச் செய்யுட்களிற் பயில்வன. அகவுதல் அழைத்தற்பொருளும் உடைத்து. குறுந்தொகையில் ஔவையார் பாட்டொன்றில் அகவன்மகள் என வருபவள் குறிசொல்லும் கட்டுவிச்சி. ஆசிரியப்பாவின் ஓசையும் அகவல் எனப்பட்டது. ஆலுதல் மயில் களித்து ஆடியொலித்தலைக் குறிக்கும். களிப்பை மட்டும் உணர்த்துஞ் சொல் வேண்டுமெனின் ஆலல் போன்ற சொற்களே அதற்கு உரியன. அச்சொற்கள் செயப்படுபொருளை அவாவுவன அல்ல. மயில் ஆலும், எதனை ஆலும் என்னும் வினாவுக்கு இடமில்லை. களிப்பு அதனுள்ளே எழுந்து அதனுள்ளே அடங்கும்.

பாடுதல் அத்தகையதன்று. ‘யாழ் பாடினான்’ என்றும் ‘பண் பாடினான்’ என்றும் கருவியையும் இசையையும் கொண்டு வருதல் ஒருபுறம் நிற்க, ‘அரசனைப் பாடினான்’, ‘ஊரைப் பாடினான்’ என இரண்டாம் வேற்றுமை ஏற்று வருதலே இவ்வினையின் தலையாய ஆட்சி. புறநானூற்றுப் பாட்டுக்களின் கீழ்க்காணும் பழங்குறிப்புக்கள் ‘அவனை அவர் பாடியது’ என்னும் வாய்பாட்டால் நடப்பன. பாடினோர் என்பார் ஒருவர். பாடப்பட்டோர் என்பார் ஒருவர். ஒருவனைப் பற்றிப் பாடுதல் வேறு. ஒருவனைப் பாடுதல் வேறு. முன்னையதில் அவன் செய்தியாவான். பின்னையதில் அவனே பாட்டின் பொருளாவான். இவ்வேறுபாடு தமிழர்க்குப் பழகிப்போனமையின் வியப்பாகத் தோன்றுவதில்லை. பிறமொழியிற் பெயர்க்கப் புகுவார்க்கே அதன் அருமை புலனாம்.

தொல்காப்பியர் புறத்திணை ஏழனுள் ஒன்றற்குப் பாடாண் என்று பெயரிட்டார். நச்சினார்க்கினியர் இதனைப் பாடுதல் வினையோடு இயைத்து, வினைத்தொகைப் புறத்துப் பிறந்த அன்மொழித்தொகையாகக் கொண்டார்; பாடு என்பதற்குப் பெருமை எனப் பொருள்கொண்டு உரைப்பாரும் உளர். எவ்வாறாயினும், மக்களைப் புகழும் இத்திணையுள்ளேயே தேவரைப் பரவுதலையும் ஆசிரியர் அடக்கினார் என்பது நாம் குறிக்கொளற்பாலது. மன்னனைப் பாடும் வாயும் கடவுளைப் பாடும் வாயும் ஒன்றாகவே இருந்தன. பதிற்றுப்பத்தின் பதிகங்களோ, பாடியவர் பெயரோடு பாடிப் பெற்ற பரிசிலையுஞ் சேர்த்தே பேசும். பாடுதலுக்கு எதிரில் பெறுதல் ஒன்று நின்றது.

இந்நிலையை உடைத்தெறிந்தவர் நம்பியாரூரர். திருப்புகலூர்ப் பதிகத்திலே புலவரை விளித்து அவர் கூறுவதன் கருத்து இது: கொடாத கையனைப் பாரி என்று புகழ்ந்தாலும் அவன் கொடுக்கப்போவதில்லை, வலியிலானை வீமனென்றும் விசயனென்றும் புனைந்தாலும் பயனில்லை, ஆகலின் எந்தையினது புகலூரைப் பாடுங்கள். அங்கே அவர் ஆளுஞ் சொல் ‘பாடுமின்’ என்னும் முன்னிலைப் பன்மை ஏவல். பாடுதலை விடுங்கள் என்றாரல்லர். இரண்டாம் வேற்றுமைக்கு உரிய பெயரை மாற்றுங்கள் என்றார். சங்கப்புலவரின் வினை அப்படியே நிற்க, அதன் செயப்படுபொருள் மாத்திரம் மாறிற்று. அம்மாற்றமே தமிழிலக்கிய வரலாற்றில் பக்திக்காலம் என்று நாம் பிரித்துப் பேசுவதன் சாரம் என்பது எம் துணிபு. பாணர் மரபினரான திருநீலகண்ட யாழ்ப்பாணர் அரசர் வாயிலை விடுத்துத் திருஞானசம்பந்தரைத் தொடர்ந்து பதிதோறும் யாழிசைத்துச் சென்றதும் அம்மாற்றத்தின் மற்றொரு முகமேயாம்.

இனி மேலே எழுப்பிய வினாவுக்கு வருவாம். மூவர் முதலிகளின் முதற்பாடல்களை எடுத்துக்கொள்க. சம்பந்தப்பிள்ளையார் சீகாழிக் குளக்கரையில் அழுது, பாலுண்டு, பின்னர் நட்டபாடைப் பண்ணிற் பாடினார். அப்பாடல் சுட்டிக்காட்டும் பாடல். மகிழ்ச்சிப் பாடலென எளிதிற் சொல்லலாம். திருநாவுக்கரசரோ சூலைநோய் குடரைத் துடக்கி முடக்க, தமக்கையார் தந்த திருநீற்றை அணிந்து, திருவதிகை வீரட்டானத்து இறைவன்முன் வீழ்ந்து கொல்லிப்பண்ணிற் பாடினார். அஃது அலறலன்றோ? நம்பியாரூரர் திருவெண்ணெய்நல்லூரிலே வழக்கில் தோற்று, எதிரியே இறைவனெனக் கண்டபின்னும் எவ்வாறு பாடுவதென்று திகைத்து நின்றார். ‘என்னைப் பித்தன் என்றாயன்றோ, அவ்வாறே பாடு’ என்று இறைவன் சொல்லியருளினதாகச் சேக்கிழார் கூறுவர். வசைச்சொல்லே முதற்சொல்லாக இந்தளப்பண்ணில் அப்பாடல் எழுந்தது. அவரை நோக்கி, நமக்கு அருச்சனையாவது பாட்டே என்று இறைவன் உணர்த்தியதாகவும் அப்புராணங் கூறும். ஒருவர் வியந்தார், ஒருவர் அலறினார், ஒருவர் ஏசினார். மூன்றும் பாடலே. மூன்றற்கும் பண் உண்டு.

நம்பியாரூரரது வாழ்விலேயே பின்னொரு நிகழ்ச்சி இதனினுந் தெளிவானது. ஒற்றியூர் எல்லை கடந்து கண்ணிழந்த அவர், காஞ்சியில் இடக்கண் பெற்றுத் திருவாரூர் வந்து, வலக்கண் வேண்டிப் பாடிய பதிகம் உண்டு. அதிலே அடிமைப்பட்டவர் துன்பத்தை உமது முகத்தால் அறியாது வாளா இருப்பீராயின், நீரே நன்றாக வாழ்ந்து போவீர் என்று கசந்து சொல்கின்றார். கண்ணிழந்தானொருவன் கோபித்துக் கூறும் மொழி அது. அப்பதிகத்துக்கு அமைந்த செந்துருத்தி என்னும் பண் தேவாரம் முழுமையிலும் அவ்வொரு பதிகத்துக்கே உரியது. களிப்பே பாடுதலின் பொருளாயின் இதனைப் பாடல் வரிசையினின்று தள்ளவேண்டும். எவருந் தள்ளத் துணியார். ஓதுவாமூர்த்திகள் இதனைப் பாடக் கேட்டிருப்போர், கசப்பினூடே ஓர் இனிமை ஊறுதலை அறிவர். அவ்வினிமை எங்கிருந்து வருவது?

எம் விடை இது: பாடுதலின் மகிழ்ச்சி பாடுவோனது மனநிலையிற் கிடப்பதன்று; பாடப்படுவோனிடத்தே கிடப்பது. சொல்லிலக்கணமே இதற்குச் சான்று. பாடுதல் செயப்படுபொருளைக் குன்றாது வேண்டும் வினை. எழுவாய் நோயுற்றிருப்பினும், வெகுண்டிருப்பினும், கண்ணிழந்திருப்பினும், இரண்டாம் வேற்றுமையில் நிற்பவன் இன்பவடிவினன். அவனை வாய் பற்றியவழி அவ்வின்பம் சொல்லிலே ஊறும். சூலையால் துடித்தவர் சூலையைப் பாடினாரல்லர். அதிகை வீரட்டனைப் பாடினார். சூலையைச் சொன்னார், வீரட்டனைப் பாடினார். இவ்விரண்டு வினைகளையும் மாற்றி வழங்கிப் பார்ப்பார்க்கு வேற்றுமை இனிது விளங்கும். ‘புலம்பினார்’ என்று கூறியிருப்பின் நோயே பொருளாய் நின்றிருக்கும்.

திருவாசகத்தில் இது வேறோர் அழகு பெறுகின்றது. அம்மானை, பொற்சுண்ணம், கோத்தும்பி, தெள்ளேணம், சாழல், பூவல்லி, உந்தியார், தோணோக்கம், பொன்னூசல் ஆகிய இவையெல்லாம் மகளிர் விளையாட்டும் தொழிலும் பற்றிய பெயர்கள். காய் எறிதல், சுண்ணம் இடித்தல், கொட்டுதல், பூக்கொய்தல், ஊசலாடுதல் என முற்றுவினை பாட்டுத்தோறும் வேறுபடும். பாடுதலோ பெரும்பாலும் ‘பாடி’ என எச்சமாய் அம்முற்றினுள் அடங்கி வரும். கை ஒரு தொழிலைச் செய்ய, வாய் மற்றொன்றைச் செய்கின்றது. கைத்தொழில் உலகியல், வாய்த்தொழில் அருளியல். உரலில் இடிக்கும் பெண்டிர் பாடும் வள்ளைப்பாட்டு எவ்வளவு பழையதென்பதை அறிவோர், மாணிக்கவாசகர் அதனைப் புதிதாக ஆக்கவில்லை, அதன் இரண்டாம் வேற்றுமையையே மாற்றினார் என்பதைக் காண்பர். புகலூரில் ஆரூரர் செய்ததும் இதுவே.

இனி இவ்வினையின் பிறவினை வடிவைப் பற்றி ஒன்று கூறவேண்டும். பாடு என்பதற்குப் பாடுவி என்னும் பிறவினையே பெருவழக்கு. நாவுக்கரசரோ தனித் திருத்தாண்டகம் ஒன்றில் ஆட்டுவித்தல், ஓட்டுவித்தல் என்பவற்றோடு ஒப்பப் பாட்டுவித்தல் என்றார். ஆடு ஆட்டு ஆயினாற்போலவும், ஓடு ஓட்டு ஆயினாற்போலவும், பாடு பாட்டு என ஒற்றிரட்டி, அதன்மேல் வி என்னும் விகுதியும் பெற்றது. ஓசை நயம் பற்றி இங்ஙனம் வந்ததெனக் கூறி அமையலாம். ஆயினும் அவ்விடத்துக் கருத்து ஓசையினும் ஆழமானது. அவன் ஆட்டுவித்தால் ஆடாதார் இல்லாதவாறுபோல, அவன் பாட்டுவித்தாற் பாடாதாரும் இல்லை என்பதே அதன் பொருள். அங்ஙனமாயிற் பாடுதற்கு எழுவாய் யார்? இயற்றும் கருத்தாவாக நாவும் உயிரும் நிற்க, ஏவும் கருத்தாவாக இறைவன் நிற்கின்றான். செயப்படுபொருளும் அவனே. முன்னும் பின்னும் அவனே நிற்ப, இடையில் உயிர் தான் என்னும் முனைப்பின்றி நிற்கும் நிலையே பாடுதல் என்றாகின்றது. சிவஞானபோதத்தின் பத்தாஞ் சூத்திரம் ஏகனாகி இறைபணி நிற்றலை உரைப்பதனை இங்கே உன்னுக. இலக்கணத்தில் ஏவுதற் கருத்தா, இயற்றுதற் கருத்தா என்று கூறும் பாகுபாடு, சித்தாந்தத்தில் எத்துணைப் பயன்தருகின்றதென்பது மாணவர் ஊன்றி நோக்கற்பாலது.

அருணந்தி சிவனார் சிவஞானசித்தியாரிலே தாதமார்க்கத்தை விரிக்குமிடத்துக் கோயில் அலகிடுதல், மெழுகுதல், மலர்கொய்தல், மாலை தொடுத்தல் என்பவற்றை அடுத்துப் புகழ்ந்து பாடுதலை வைத்துத் திருவிளக்கிடுதலை அதன்பின் வைத்தனர். பாடுதல் சரியையாயிற்று. ‘சரியைதானே’ என்று இதனைக் கீழ்ப்படியாக எண்ணுவார் சிலருளர். துடைப்பத்துக்கும் விளக்குக்கும் இடையிற் பாட்டை வைத்தது அதனைத் தாழ்த்தற்கன்று. பாட்டும் கைத்தொழில்போல ஒரு பணி என்றும், புலமைச் செருக்குக்கு அங்கே இடமில்லை என்றும் உணர்த்தற்கே என்க.

இனிக் கல்வெட்டுக்களில் இவ்வினை பெற்ற மாறுதலைக் காண்பாம். திருவல்லத்துப் பல்லவர் கல்வெட்டொன்று விசயநந்திவிக்கிரமவர்மனது 17-ஆம் ஆட்சியாண்டினது. ஒன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியைச் சார்ந்ததாகக் கருதப்படுவது. கோயிற் பணியாளர்க்கு நெல் வகுக்குமிடத்து அது பூப்பறிப்பாரோடு ‘திருப்பதியம் பாடுவா’ரையும் உடனெண்ணுகின்றது. சித்தியார் வகுத்த வரிசைக்கு மூன்று நூற்றாண்டுகட்கு மேற்பட்ட முன்வடிவம் கல்லிலே இருத்தல் காண்க. அங்கு வினை பாடுதலே.

தஞ்சை இராசராசேச்சுரத்தில் முதல் இராசராசனது 29-ஆம் ஆண்டைக் குறிக்கும் கல்வெட்டிலோ வினை மாறிவிட்டது. அதில் உள்ளது ‘விண்ணப்பஞ் செய்தல்’. பிடாரர் நாற்பத்தெண்மர், உடுக்கை வாசிப்பான் ஒருவன், கொட்டிமத்தளம் வாசிப்பான் ஒருவன், ஆக ஐம்பதின்மர்க்கு நாள் ஒன்றுக்கு ஆளுக்கு முக்குறுணி நெல்லாக மன்னன் நிவந்தம் அளித்தான். பன்னிரு குறுணி ஒரு கலமாகக் கணக்கிடின், பாட்டின்பொருட்டு அக்கோயில் நாடோறும் அளந்தது பன்னிரண்டரைக் கலம் நெல். பிடாரர்களுடைய பெயர்களிற் பல சிவன் என்று முடியும் தீக்கைப் பெயரோடு காணப்படுகின்றன. இறந்தார்க்கும் அயல்நாடு போனார்க்கும் அடுத்த முறையினர் அப்பணியை ஏற்க வேண்டும். அவர்தாம் தகுதியிலராயின் தகுதியுடையாரை ஆளிட்டு விண்ணப்பஞ் செய்வித்தே நெல்லைப் பெறவேண்டும். முறையினரே இலராயின் எஞ்சியோர் தக்கானொருவனைத் தேர்ந்து இடவேண்டும் என்று அக்கல்வெட்டு விதிக்கின்றது. பிறப்புரிமையை ஒப்புக்கொண்டு, அதற்குமேல் தகுதியை வைத்த சட்டம் இது. பாடத் தெரியாதவன் மகன் என்னும் முறையால் நெல் வாங்கிப் போதலை மன்னன் ஒப்பவில்லை.

விண்ணப்பம் என்பது வடமொழி ‘விஞ்ஞாபனம்’ பாகதவழி வந்த சொல். பெரியோர்முன் பணிந்து அறிவித்தலென்பது அதன் பொருள். வைணவக் கோயில்களில் திவ்வியப்பிரபந்தம் இசைக்கும் அரையர்களும் விண்ணப்பஞ் செய்வார் எனப்பட்டனர். கோயில் அரண்மனையின் ஒழுங்குகளைப் பெற்ற காலத்தில் பாட்டும் அரசமுறையின் மொழியைப் பெற்றது. இதனிற் குற்றங் காண்பதற்கில்லை. ஆனால் ஒரு நுட்பம் கவனிக்கத்தக்கது. ‘இறைவனைப் பாடினான்’ என்பது இரண்டாம் வேற்றுமை. ‘இறைவனுக்கு விண்ணப்பஞ் செய்தான்’ என்பது நான்காம் வேற்றுமை. பாட்டின் பொருளாயிருந்தவன் பாட்டைக் கேட்பவனாயினான். விண்ணப்பஞ் செய்யப்படும் பொருள் இப்போது பதிகம். அஃதாவது முன்னோர் பாடிவைத்த நூல். நாயன்மார் பாடினர், பிடாரர் அப்பாட்டை அறிவித்தனர். கல்வெட்டெழுதினோர் இந்த நுட்பத்தை எண்ணி எழுதினாரோ எண்ணாது எழுதினாரோ, சொல் தன் வேலையைச் செய்துவிட்டது.

பின்னர் நிலைத்த பெயர் ஓதுவார் என்பது. ஓதுதல் மறைக்கு உரிய வினை. ஓத்து என்பதே வேதத்துக்கு ஒரு பெயராய் வள்ளுவனாராலும் ஆளப்பட்டது. தேவாரம் தமிழ்மறையென உயர்த்தப்பட்டபோது மறைக்குரிய வினை அதற்கும் உரித்தாயிற்று. பெருமை மிக்கதோர் உயர்வு இது. எனினும் எழுத்துப் பிழையாது சொல்லுதலே ஓதுதலின் சிறப்பு. பண் பிழையாது இசைத்தல் பாடுதலின் சிறப்பு. ஓதுவார் என்னும் பெயரைப் பூண்டோர் பண்ணை விடாது காத்து வந்தமையால்தான் அவ்விரு சிறப்பும் ஒருங்கே பிழைத்தன. சம்பந்தரும் தம் பதிகங்களின் கடைக்காப்பிலே ஓரிடத்து ஓதவல்லார் என்றும், ஓரிடத்துச் சொல்லவல்லார் என்றும், ஓரிடத்துப் பாடவல்லார் என்றும் பயன் கூறுதலின், எவரையும் அவர் விலக்கினாரல்லர். குரலில்லாதார் சொல்லட்டும், இசையறியாதார் ஓதட்டும். இசை பயின்றவர் ஓதுதலோடு நின்றுவிடின் அதுவே குறை.

திருமுறைகண்ட வரலாறு இவ்விடத்தில் நினைவுக்கு வருவது. தில்லையில் ஏடுகள் கிடைத்தபின்னர் நம்பியாண்டார் நம்பிக்கு ஒரு குறை நின்றது. எழுத்து இருந்தது, பண் இல்லை. அந்நிலையில் திருமுறையை ஓதலாம், பாட இயலாது. திருவெருக்கத்தம்புலியூரிலே திருநீலகண்ட யாழ்ப்பாணர் வழியிற் பிறந்த பெண் ஒருத்தியைக் கொண்டு பண்முறை வகுக்கப்பட்டது என்று திருமுறைகண்ட புராணம் கூறும். பாணர் குலத்து அவ்வம்மையின் பெயரை அந்நூல் நமக்குத் தரவில்லை. இன்று அச்சிடப்படும் தேவாரப் பதிப்புக்களில் ஒவ்வொரு பதிகத்தின் தலைப்பிலும் ஊர்ப்பெயரையடுத்து நிற்கும் அவ்வொற்றைச் சொல், நட்டபாடை என்றோ கொல்லி என்றோ செந்துருத்தி என்றோ நிற்பது, அவ்வம்மை வகுத்ததாகவே நம்மவர் கொண்டு வருகின்றனர்.